கன்னியாவின் ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை மூல்?

திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பவர்கள் வாளியும் கையுமாகக் கிணறு மாறிக்கொண்டே இருப்பார்கள். ஏழு கிணறுகள், ஏழிலும் சூடு ஒன்றல்ல. சென்ற விடுமுறையில் என்னிடம் உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவன் ஒருவன், தலையில் நீர் சொட்டச் சொட்டக் கேட்டான்: "சேர், இதே வாளி நீரை வீட்டில் காய்ச்சினால் எவ்வளவு காஸ் முடியும்?"

இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்திய இடம் என்பது ஐதீகம். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது என்பது புவியியல். இரண்டிலும் காஸ் செலவு கிடையாது. வீட்டில் உண்டு.

வாளியில் 10 லீற்றர், அதாவது 10 கிலோகிராம் நீர். குழாய் நீர் 28 பாகை, கிணற்று நீர் 40 பாகை என்று வைத்துக்கொண்டால் 12 பாகை ஏற்ற வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை ஏற்ற 4.18 கிலோயூல் தேவை. 10 × 4.18 × 12 என்று பெருக்கினால் ஏறத்தாழ 502 கிலோயூல்.

சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இப்போதைக்கு முழுவதும் பியூட்டேன் என்றே கொள்வோம். அதன் தகன வெப்பவுள்ளுறை மாற்றம், அதாவது முழுதாக எரியும்போது நிகழும் வெப்ப மாற்றம், மூலுக்கு −2877 கிலோயூல். கழித்தல் குறி, வெப்பம் வெளியே போகிறது என்பதற்கு மட்டுந்தான்.

மாணவன் கைபேசியைத் தட்டினான். "10 கிராம் எரிந்தால் 28,770 கிலோயூல், சேர்." அப்படியானால் 10 கிராமில் 57 வாளி நீர் காயும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பேரப்பிள்ளைக்கு உயில் எழுதி வைக்கலாம்!

மூலைக் கிராமாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. தராசு கிராமில் பேசுகிறது; தாக்கமோ மூலக்கூறுகளை எண்ணி நடக்கிறது. மீன் சந்தையில் ஒரு கிலோ சூடையில் எத்தனை தலை, ஒரு கிலோ பாரையில் எத்தனை தலை? நிறை ஒன்று, எண்ணிக்கை வேறு. மூல் என்பது எண்ணிக்கை: 6.022 × 10²³ துணிக்கைகள். பியூட்டேனில் காபன் நான்கு, ஐதரசன் பத்து. 48 உம் 10 உம் சேர்ந்து 58. ஆகவே ஒரு மூல் பியூட்டேன் 58 கிராம்; இதுவே அதன் மூலர்த் திணிவு. 502 ஐ 2877 ஆல் வகுத்தால் 0.1745 மூல், அதை 58 ஆல் பெருக்கினால் 10.1 கிராம். ஒரு வாளிக்குத்தான் அந்தப் பத்துக் கிராம். மூலர்த் திணிவை மறந்தவனின் விடை சரியாக அதே 58 மடங்கால் பிழைக்கும்.

இன்னொரு பொறி சமன்பாட்டில் இருக்கிறது. பின்னம் வராமல் எழுதினால் இரண்டு பியூட்டேனுக்குப் பதின்மூன்று ஒட்சிசன். பக்கத்தில் −5754 என்று நிற்கும். அது இரண்டு மூலுக்கான கணக்கு. பரீட்சையில் பலர் வழுக்கும் இடம் இதுதான். (அடுப்பில் பாத்திரமும் காற்றும் பங்கு கேட்பதால் உண்மையில் 10 கிராம் போதாது.)

காஸ் இல்லாமலும் நீரைச் சூடாக்கலாம். என் அப்பாச்சி வெற்றிலைச் சுண்ணாம்புக்காகச் சுட்ட சிப்பிகளை முட்டியில் போட்டு நீர் தெளிப்பார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு சீறும், சிப்பி வெடித்து விரியும், ஆவி எழும், கடைசியில் வெண்மாவாக உதிரும். முட்டியைத் தொட்டால் கை சுடும். சுட்ட சிப்பியிலுள்ள கல்சியம் ஒட்சைட்டு நீருடன் சேரும்போது மூலுக்கு ஏறத்தாழ 65 கிலோயூல் வெளிவருகிறது. மூலர்த் திணிவு 56. நமது வாளிக்கு 502 ÷ 65 = 7.72 மூல், ஏறத்தாழ 430 கிராம். பியூட்டேனுடன் ஒப்பிட்டால் இது பரிதாபந்தான். ஆனால் பியூட்டேன் ஒரு கள்ளத்தனம் செய்கிறது: அந்த 10 கிராம் எரியக் காற்றிலிருந்து 36 கிராம் ஒட்சிசனை எடுக்கிறது, அதை நாம் நிறுப்பதில்லை.

சிப்பிக்குள் அந்த 65 எங்கிருந்து வந்தது? சூளையில் சிப்பியின் கல்சியம் காபனேற்றிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்க மூலுக்கு 178 கிலோயூல் கொடுக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டுக் காற்றின் காபனீரொட்சைட்டை மீண்டும் உறிஞ்சிக் கல்லாகும்போது 113 திரும்புகிறது. 65 உடன் 113 ஐக் கூட்டினால் அதே 178. வழி எதுவானாலும் மொத்தம் மாறாது என்று இரசாயனவியலாளர் ஹெஸ் 1840 இல் சொன்னது இதைத்தான். முட்டியில் கை சுட்டது 65. மற்ற 113, சீமெந்து வருமுன் கட்டிய சுவர்களிலிருந்து, சாய்ந்து நின்றவர்களுக்கும் தெரியாதபடி ஆண்டுக்கணக்கில் கசிந்து போயிருக்கும்.