கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு ஓட்டு உண்டா?

"ஜெயிலுக்குப் போனால் ஓட்டு போச்சு" என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் சரி. நம் நாட்டுச் சட்டம் குற்றம் பெரியதா சின்னதா என்று பார்ப்பதே இல்லை. வாக்குப்பதிவு நாளில் அந்த ஆள் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5). தண்டனை பெற்றோ "வேறு விதமாகவோ" சிறையில் அடைபட்டிருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது என்கிறது அது. "வேறு விதமாகவோ" என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள் அத்தனை பேரும் அதற்குள்தான் வந்து விழுகிறார்கள்.

இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் ஐகோர்ட் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விட்டிருக்கிறது. அவர் காலையிலேயே பூத்துக்குப் போய், வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வரலாம், யாரும் தடுக்க முடியாது. இன்னொருவர் மேல் சைக்கிள் திருடியதாக வழக்கு. கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது, ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காததால் உள்ளேயே கிடக்கிறார். அவருக்கு ஓட்டு இல்லை. அவர் திருடினாரா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை!

இப்படி இருப்பவர்கள் ஏதோ பத்துப் பேர், நூறு பேர் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு.

இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குப் போடாமலும் இல்லை. 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கைதிகளை வாக்களிக்க வைக்கக் கூடுதல் போலீஸும் ஏற்பாடுகளும் தேவைப்படும், சிறையில் இருப்பவர் தன் நடத்தையால்தான் அங்கே இருக்கிறார், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளி வைப்பது நல்லது என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். கடைசிக் காரணத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஜாமீன்தாரர் கிடைக்காதவரைப் பார்த்து "உன் நடத்தையால்தான் இங்கே இருக்கிறாய்" என்று எப்படிச் சொல்வது? ஏற்பாடு செய்வது கஷ்டம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் இதே பிரிவு ஒரு சாராருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. குண்டர் சட்டம், தேசியப் பாதுகாப்புச் சட்டம் போன்றவற்றின் கீழ் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களுக்கு ஓட்டு உண்டு. சிறையிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். அவர்களுக்குச் சீட்டை உள்ளே அனுப்ப முடிகிறது என்றால் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் முடியும்தானே.

சரி, தேர்தலில் நிற்பது? அது வேறு விதி. உள்ளே இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர் வாக்காளர்தான் என்று 2013-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அதனால் விசாரணைக் கைதி போட்டியிடலாம். 2024-இல் காஷ்மீர் அரசியல்வாதி 'இன்ஜினியர்' ரஷீத், விசாரணைக் கைதியாக டெல்லி திஹார் சிறையில் இருந்தபடியே காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் நின்று எம்.பி. ஆனார். ஜெயிக்க வழி இருந்தது, ஓட்டுப் போட வழி இல்லை. தண்டனைக் கைதிக்குத்தான் இது கெடுபிடி: 2 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் (சில குற்றங்களுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும்) விடுதலையான பிறகும் 6 வருஷம் போட்டியிட முடியாது.

இந்த "6 வருஷம்"தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், கொலை வழக்கில் உள்ளே இருந்து வந்தவர், இரண்டு தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகவே இல்லை. கேட்டால், "நமக்குத்தான் ஆறு வருஷம் தடையாச்சே தம்பி" என்கிறார். அது தேர்தலில் நிற்கிறவர்களுக்கு அண்ணே, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்டனை முடிந்து வெளியே வந்த அடுத்த நாளே தேர்தல் என்றாலும் அவர் ஓட்டுப் போட்டிருக்கலாம். பரோலில், ஜாமீனில் வந்திருப்பவர்களுக்கும் இதேதான்.

வெளியே இருந்தாலும் ஓட்டை இழக்க வைக்கிற குற்றங்கள் உண்டு, ஆனால் அவை தேர்தல் குற்றங்கள். ஓட்டுக்குக் காசு கொடுத்தது, வாங்கியது, ஆள்மாறாட்டம் செய்து வாக்களித்தது போன்றவற்றில் தண்டனை பெற்றால் 6 வருஷத்துக்கு வாக்குரிமை கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், கொடிய குற்றம் செய்தவருக்கும் ஓட்டு இருக்கட்டும் என்பேன். கனடாவில் 2002-லும் தென்னாப்பிரிக்காவில் 2004-லும் நீதிமன்றங்களே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டன. தண்டனை என்பது அவர் சுதந்திரத்தைப் பறிப்பது; அவர் குடிமகனாக இருப்பதை அது ரத்து செய்வதில்லை. இதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் போய் நான் இதை வாதாட மாட்டேன். ஆனால் தீர்ப்பே வராதவர்களின் ஓட்டைப் பறிப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். நீண்ட நாள் வீட்டில் இல்லாதவரின் பெயர், சரிபார்க்க வருகிறபோது ஆள் இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். விடுதலையாகி வந்ததும் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அண்ணனுக்கும் அதைத்தான் நிரப்பிக் கொடுத்தோம்.