நியூயார்க் பர்கர் கடையின் சுகாதாரப் பதிவைப் படிப்பது எப்படி?

நியூயார்க் நகரத்தில் எந்த உணவகத்துக்குப் போனாலும் வாசல் பக்கம் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். ஏ நீல நிறம், பி பச்சை, சி ஆரஞ்சு. நகரச் சுகாதாரத் துறை 2010 ஜூலையில் கொண்டுவந்த தர எழுத்துத் திட்டம் இது. அதற்கு முன்பும் சோதனைகள் நடந்தன, முடிவுகள் இணையத்திலும் இருந்தன. ஆனால் பசியோடு கடை வாசலில் நிற்பவர் அதையெல்லாம் எங்கே தேடிப் பார்க்கப் போகிறார்? முடிவைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி ஒட்ட வைத்ததுதான் புதுசு. யோசனை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலிருந்து வந்தது. அங்கே 1997இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் ரகசியக் கேமராவில் உணவகச் சமையலறைகளைக் காட்ட, ஊரே கொதித்துப்போய், 1998 ஜனவரியில் எழுத்து அட்டை வந்துவிட்டது.

ஏ என்றால் சுத்தமான கடை, பி என்றால் தாண்டிப் போய்விட வேண்டியது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்து மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சோதனைப் பதிவு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எழுத்து சொல்லாத பல விஷயங்களை அது சொல்லும். சாதாரண பர்கர் கடை ஒன்றை வைத்தே அதைப் பார்க்கலாம்.

முதலில் மதிப்பெண் கணக்கு. நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு இது நேர்மாறு. குறை இருந்தால்தான் மதிப்பெண் ஏறும். பூஜ்யம்தான் முதல் ரேங்க். 0 முதல் 13 வரை ஏ. 14 முதல் 27 வரை பி. 28ஓ அதற்கு மேலோ போனால் சி. குறைகள் மூன்று வகை. உணவைத் தேவையான வெப்பநிலையில் வைக்காதது போன்றவை ‘பொதுச் சுகாதார ஆபத்து’; ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 7. காய்கறியைக் கழுவாமல் பச்சையாகப் பரிமாறுவது போன்றவை ‘முக்கியக் குறை’, குறைந்தது 5. மீதி எல்லாம் ‘பொதுக் குறை’, குறைந்தது 2. குறை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பார்த்து ஆய்வாளர் 1 முதல் 5 வரை ஒரு நிலையும் கொடுப்பார். மாசுபட்ட உணவுப்பொருள் ஒன்றுதான் கிடைத்தது என்றால் 7, நான்கோ அதற்கு மேலோ கிடைத்தால் 10. எலிப் புழுக்கையைக்கூட எண்ணிப் பார்த்துத்தான் நிலை போடுகிறார்கள். அந்த வேலைக்குத் தனிப் பொறுமை வேண்டும்.

சும்மா ஒரு கணக்குக்கு ஒரு பர்கர் கடையை எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் நுழைகிறார். குளிர்பெட்டியில் இருக்கவேண்டிய ஒரு பொருள் வெளியில் வெதுவெதுப்பாக இருக்கிறது: 7. அடித்தளத்தில் சில எலிப் புழுக்கைகள்: 5. மூடாமல் வைத்த உணவு: 5. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு: 2. மொத்தம் 19, அதாவது பி வரம்பு. அந்தக் குளிர்பெட்டிப் பொருள் மட்டும் சரியாக இருந்திருந்தால் மொத்தம் 12 ஆகியிருக்கும். அப்போது அதே சமையலறை, அதே எலிப் புழுக்கை, அதே பிசுக்குச் சுவர், எல்லாவற்றோடும் வாசலில் ஏ. ஆகவே ‘ஏ’ என்றால் குறையே இல்லை என்று பொருளில்லை. 14ஐத் தொடாத அளவுக்குத்தான் குறை என்று மட்டுமே பொருள்.

இந்த வரம்புக்கோடு எவ்வளவு கனமானது என்பது நகரத்தின் தரவிலேயே தெரிகிறது. எல்லாக் கடைகளின் மதிப்பெண்களையும் வரைபடமாகப் போட்டால் 12, 13 என்ற இடங்களில் பெரிய குவியல் எழும். 14இல் திடீரென்று சரியும். சமையலறைகள் இயல்பாக அப்படி அமையாது. ஓர் எழுத்து வித்தியாசத்தால் கடைக்கு என்ன ஆகும் என்பது ஆய்வாளருக்கும் தெரியும், அவரும் மனிதர்தானே.

பர்கர் சமையலறையில் எதைப் பார்க்கிறார்கள்?

பர்கர் கடையில் மிகப் பெரிய கவலை அரைத்த மாட்டிறைச்சி. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சூடு காட்டினால் செத்துவிடும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அதனால் நடுப்பகுதி வரை சூடு போகவேண்டும். நியூயார்க் விதிப்படி அரைத்த இறைச்சியின் உள்வெப்பம் 158 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடவேண்டும், அதாவது 70 செல்சியஸ். வாடிக்கையாளரே ‘உள்ளே கொஞ்சம் சிவப்பாக இருக்கட்டும்’ என்று கேட்டால் மட்டும் விலக்கு உண்டு. குழந்தைக்கு வாங்கும்போது அப்படிக் கேட்கவே கேட்காதீர்கள்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு சோகமான பின்னணி உண்டு. 1993இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, ஜாக் இன் தி பாக்ஸ் என்ற பர்கர் கடைச் சங்கிலியில் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.கோலை ஓ157 கிருமி தொற்றியது. நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்த மாநிலம் 155 டிகிரி வேண்டும் என்று விதித்திருந்தது. கடைகளில் 140 டிகிரிக் கணக்கில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் 15 டிகிரிதான். அடுத்த ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

இறைச்சிக்கு அப்புறம் அதிகம் மாட்டுவது எதிர்பாராத இடத்தில்: நறுக்கிய தக்காளியும் லெட்யூஸ் கீரையும். முழுத் தக்காளி வெளியில் இருக்கலாம், நறுக்கிவிட்டால் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ அதற்குக் கீழேயோ, அதாவது 5 செல்சியஸுக்குள் வைக்கவேண்டும். மதியக் கூட்ட நேரத்தில் கைக்கு வசதியாக எல்லாத் தட்டுகளையும் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். ஆய்வாளர் வெப்பமானியைச் செருகினால் கதை கந்தல். சூடாக வைக்கவேண்டிய சாஸ், சூப் எல்லாம் 140 டிகிரிக்குக் குறையக்கூடாது. நம்மவர்கள் லெக்சிங்டன் அவென்யூவில் நடத்தும் தென்னிந்தியக் கடைகளில் சாம்பார்ப் பாத்திரத்துக்கும் இதே விதிதான். மிஞ்சியதை ஆற வைப்பதற்கும் நேரக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட்டில் 140இலிருந்து 70க்கு இரண்டு மணி நேரம், 70இலிருந்து 41க்கு இன்னும் நான்கு மணி நேரம். பெரிய பாத்திரத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பன், சீஸ், கீரை இவற்றையெல்லாம் வெறும் கையால் தொடக்கூடாது. அதற்குமேல் சமைக்கப்போவதில்லை என்பதால் கையிலிருக்கும் கிருமி நேராகத் தட்டுக்கு வந்துவிடும். கையுறையோ இடுக்கியோ வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட அதே கையுறையோடு பன்னை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் நீங்களே பார்க்கக்கூடிய குறை இது ஒன்றுதான்.

வேலை நேரம் முழுவதும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய ஒரு மேற்பார்வையாளர் கடையில் இருக்கவேண்டும். அதற்கான பாடத்தை நகரமே இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. தேர்வை மட்டும் கட்டணம் கட்டி நேரில் எழுதவேண்டும். சொந்தக் கடை போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் இதை முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது வாய்ப்பு

எழுத்தை மட்டும் நம்புகிறவர்களுக்குத் தெரியாமல் போகிற பகுதி இதுதான். முதல் சோதனையில் 13 அல்லது அதற்குள் வாங்கினால் உடனே ஏ. சுகாதாரக் குறைகளுக்கு அபராதமும் இல்லை. 14 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கு எழுத்தே கிடையாது. மறுசோதனை வரும், அதுவும் குறைந்தது ஒரு வாரம் கழித்து. அதுவரை வாசலில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். அதாவது போன வாரம் 45 மதிப்பெண் வாங்கிய கடை, இந்த வாரம் போன வருஷத்து ‘ஏ’வோடு வியாபாரம் செய்துகொண்டிருக்கலாம். இது மோசடி இல்லை, சட்டப்படி சரிதான்.

மறுசோதனையில் ஏ கிடைத்தால் ஏ. பியோ சியோ வந்தால் கடைக்காரர் கையில் இரண்டு அட்டை கொடுப்பார்கள்: ஒன்று அந்த எழுத்து, இன்னொன்று ‘தரம் நிலுவையில்’ என்பது. எதை ஒட்டுவது என்பது அவர் விருப்பம். ஓத் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிர்வாக விசாரணை மன்றத்தில் வழக்கு முடியும்வரை இந்த நிலை. எந்தக் கடைக்காரர் ஆசைப்பட்டு சி அட்டையை ஒட்டுவார்? ஆகவே ‘தரம் நிலுவையில்’ என்று பார்த்தால், மறுசோதனையிலும் ஏ கிடைக்கவில்லை என்றோ, மூடப்பட்டுத் திறந்த கடை என்றோ எடுத்துக்கொள்ளலாம். மன்றம் சில குறைகளைத் தள்ளுபடி செய்து மதிப்பெண் 13க்குள் வந்துவிட்டால் ஏ கொடுத்துவிடுவார்கள்.

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. மன்ஹாட்டனில் நூறு வருஷத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் கடை வைத்திருப்பவருக்குப் பக்கத்துக் கட்டடத்து எலிமேல் என்ன அதிகாரம்? ஆனாலும் ஓட்டையை அடைப்பது அவர் பொறுப்புதான் என்கிறது விதி.

மதிப்பெண் மோசமாக இருந்தால் அடுத்த முழுச் சோதனை சீக்கிரம் வரும். நல்ல கடைக்கு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு முறை. பி வரம்புக் கடைக்கு ஐந்து முதல் ஏழு மாதத்தில். சி வரம்புக்கு மூன்று முதல் ஐந்து மாதத்தில். 28ஐத் தாண்டிவிட்டதாலேயே கடையை மூடிவிடமாட்டார்கள். ஆபத்தான குறையை அங்கேயே சரிசெய்ய முடியவில்லை என்றால்தான் மூடுவார்கள்.

பதிவைத் தேடுவது

சுகாதாரத் துறையின் ‘ஏபிசி ஈட்ஸ்’ பக்கத்தில் கடைப் பெயரைப் போட்டுத் தேடலாம். கணினி பழக்கம் உள்ளவர்கள் நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் முழு அட்டவணையையே இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரே தேதியில் ஐந்தாறு வரிகள் இருப்பதைப் பார்த்து ஐந்தாறு சோதனை நடந்ததாக நினைக்கவேண்டாம். ஒரு குறைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். சோதனைத் தேதி 1900 ஜனவரி 1 என்று இருந்தால் புதுக் கடை, இன்னும் யாரும் சோதிக்கவில்லை. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘இசட்’ இருந்தால் தரம் நிலுவையில். ‘பி’ என்று நாம் எழுதும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் இரண்டாவது, அதாவது ‘ஓ’வுக்கு அடுத்தது இருந்தால், மூடப்பட்டு மறுபடி திறந்த கடை. மூடிவிட்டுப் போன கடைகள் பட்டியலிலேயே இருக்காது.

நான் பார்ப்பது எழுத்தையோ கடைசி மதிப்பெண்ணையோ அல்ல. ‘முதல் சோதனை’ என்று குறித்திருக்கும் வரிகளை. மறுசோதனைக்குக் கடைக்காரர் தயாராக இருப்பார், எல்லாம் பளபளக்கும். சாதாரண நாளில் கடை எப்படி இருக்கும் என்பதை முதல் சோதனைதான் காட்டும். அதிலும் ஒரே குறை வருஷா வருஷம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். உடைந்த தரை ஓடு மூன்று முறை வந்திருந்தால் எனக்குக் கவலை இல்லை. குளிர் வெப்பநிலைக் குறை மூன்று முறை வந்திருந்தால் அந்தக் கடையில் பர்கர் சாப்பிடமாட்டேன், வாசலில் ஏ இருந்தாலும்.

இந்த எழுத்துகளால் நோய் குறைந்ததா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. உணவால் வரும் நோய்க்காக மருத்துவமனையில் சேருவோர் லாஸ் ஏஞ்சலஸில் 20 சதவீதம் குறைந்தார்கள் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நேரத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி பரவியதைக் கணக்கில் எடுத்தால் அந்த முடிவு நிற்காது என்று 2019இல் வேறொரு ஆய்வு மறுத்தது.

ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போய்விட்டால் இந்த எழுத்து கிடையாது. நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற எடிசன் பக்கமெல்லாம் ‘திருப்தி’, ‘நிபந்தனையோடு திருப்தி’, ‘திருப்தி இல்லை’ என்று மூன்றே மூன்று முடிவுகள்தான் வாசலில் இருக்கும்.

நியூயார்க் கடையில் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், அல்லது கண்ணெதிரே ஏதாவது அசிங்கத்தைப் பார்த்தால், 311க்கு அழைத்துப் புகார் செய்யலாம். கடையின் முகவரி, சாப்பிட்ட நாள், நேரம், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லவேண்டும். ரசீது இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடையின்மேல் மட்டும் பழி போடவும் வேண்டாம். ஈ.கோலை ஓ157 பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், அதனால் அந்த வாரம் எங்கெங்கே என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்து எழுதி வையுங்கள். வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால் புகாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரிடம் போங்கள்.