பைன் நாற்று எண்ணுவது இரவைத்தான்

குளிர்நாட்டு நாற்றங்கால்களில் பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மர நாற்றுகளின் வளர்ச்சியைப் 'பகல் நீளம்' கட்டுப்படுத்துவதாகச் சொல்வது வழக்கம். உண்மையில் நாற்று அளப்பது இடைவிடாத இருளை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டதும் செயல்படும் வடிவத்துக்கு மாறும். இருளில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இரவு ஒரு வரம்பைத் தாண்டினால் தண்டு நீள்வது நின்று, நுனியில் குளிர்கால மொட்டு உருவாகும்.

வசந்தத்துக்கு முன்பே கண்ணாடிக் கூடத்தில் விதைத்தால் இரவுகள் இன்னும் நீளமாகவே இருக்கும். நாற்று விரலளவிலேயே மொட்டுக் கட்டி நின்றுவிடலாம். அதைத் தடுக்க ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான பெரிய விளக்குகள் வேண்டாம், சில நூறு லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) போதும். இரவு முழுக்க எரிக்கவும் தேவையில்லை. விட்டுவிட்டு எரித்தாலும் இருள் ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் நீடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கோடையில் பிரச்சினை தலைகீழ். உரமும் நீரும் கிடைப்பதால் நாற்று ஒல்லியாக உயர்ந்துகொண்டே போகும்; நட்டபின் சாயும், முதல் உறைபனியில் நுனி கருகும். அதனால் உயரம் போதும் என்றதும் கருந்திரை போடுகிறார்கள். மாலை 4 மணிக்கு மூடி காலை 8 மணிக்குத் திறந்தால் 16 மணி நேர இருள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மொட்டுத் தெரியும். உயரம் நின்றாலும் தண்டு தடிப்பதும் வேர் வளர்வதும் தொடரும். லாபமே அதில்தான். குளிர்தாங்கும் திறனின் முதல் கட்டமும் இப்போதே தொடங்கும். இரண்டாம் கட்டத்துக்குக் குளிர் வந்தாக வேண்டும். கருந்திரை முறைக்கு ஸ்ப்ரூஸ் நன்றாக இணங்கும், லாட்ஜ்போல் என்ற பைன் வகை அவ்வளவாக இல்லை.

விதை எந்த அட்சரேகையிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வடகோடி விதையின் நாற்று சற்றே நீண்ட இரவுக்கே மொட்டுக் கட்டும். தெற்கத்தி நாற்று இன்னும் நீண்ட இரவுக்குக் காத்திருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வளர்த்தால் ஒன்று குட்டையாகும், மற்றது பிந்தும்.

திரையில் ஓட்டை இருந்தால், அல்லது பக்கத்தில் காவல் விளக்கு எரிந்தால், வெளிச்சம் படும் வரிசை மட்டும் பச்சைக் கொழுந்தாகவே நிற்கும். மூடிய திரைக்குள் வெப்பமும் ஈரமும் தேங்கிச் சாம்பல் பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. இயற்கை இருட்டு வந்ததும் திரையை விலக்கிக் காற்றோட்டம் விட்டு, விடியலுக்கு முன் மறுபடி மூடுவது நல்ல வழி. கோடை இரவு முழுதாக இருளாத வடக்கில் மட்டும் அது எடுபடாது.

பெரிய தவறு, அவசரம். கோடையின் உச்சத்திலேயே திரை போட்டு எடுத்தால், வெளியே இரவு இன்னும் குட்டை, வெயிலும் அதிகம்; புதிய மொட்டு அதே பருவத்தில் மறுபடி விரியும். நைட்ரஜன் அதிகமாகக் கொடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அப்படித் துளிர்த்ததை அடக்க இன்னொரு சுற்றுத் திரை வேண்டும். அதற்குள் குளிர் முந்திவிட்டால், பூஜ்யத்துக்குக் கீழ் வைக்கும் குளிர்கிடங்குக்கு அந்த நாற்றுத் தட்டுகளை அனுப்பக் கூடாது.