லேப்டாப் எந்தப் படியில் நின்றது?

பவர் பட்டனை அழுத்துகிறோம், லேப்டாப் எழவில்லை. மனம் உடனே உள்ளே இருக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் பதறுகிறது. ஆனால் அவை இருப்பது டிஸ்க்கில். முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டு எரிந்துபோனாலும் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும்.

பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள ஒரு சின்னக் கன்ட்ரோலர், மின்பாதைகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறது. அடாப்டர் தரும் 19 அல்லது 20 வோல்ட், 5 ஆகவும் 3.3 ஆகவும், ப்ராசசருக்கு ஏறக்குறைய 1 வோல்ட்டாகவும் இறங்குகிறது. பிறகு கணினியை எழுப்பும் தொடக்க மென்பொருளான பயாஸ் ஓடி, தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்து, திரையை எழுப்பி, கடைசியில்தான் டிஸ்க்கைத் தேடுகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பழுது எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும்.

விளக்கே எரியவில்லையா? அடாப்டர், சார்ஜிங் பின், பேட்டரி, இல்லாவிட்டால் மதர்போர்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டிருந்தால் அதிலேயே விடுபடலாம். ஃபேன் சுற்றியும் திரை இருட்டா? டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டுமே போயிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால், ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம்.

லோகோ வந்து, அதோடு நின்றால் பயாஸில் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், பென்டிரைவில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு அதிலிருந்து இயக்கி, கோப்புகளை வெளியே நகல் எடுத்துவிடலாம். பதற்றத்தில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்களே, அதுதான் எனக்கு வேதனை. பழுது அழிக்காததைப் புதிதாக எழுதப்படுவது அழித்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கில் 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதில் தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதப்பது. அது பழுதானபின் ஒவ்வொரு சுற்றும் தட்டைக் கீறக்கூடும். அதை டேட்டா மீட்பு வல்லுநர்தான் திறக்க வேண்டும். சத்தமில்லாமல், ஆனால் தடுமாறித் தடுமாறிப் படிக்கும் டிஸ்க் என்றால், அதை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். மீட்பு வேலையெல்லாம் அந்த நகலில்தான், மூல டிஸ்க்கில் கூடாது.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு மாதிரி. அது சத்தமே இல்லாமல் ஒரே நாளில் காணாமல் போகலாம். அழித்த கோப்புகளின் இடத்தை ட்ரிம் கட்டளை துடைத்துவிடுவதால், அவற்றை மீட்பதும் கடினம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம். சில லேப்டாப்களில் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே போர்டைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பலருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் ஓடும்போதே அதைத் தேடி, தாளில் எழுதி வையுங்கள்.