மாநாடு முடிந்தால் ஆண்டு முடிந்துவிடாது: உளவியல் ஆசிரியர் சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

டிசம்பரிலோ ஜனவரியிலோ மாநாடு. இரண்டாம் நாள் மாலை ஐந்தரை மணிக்குப் பொதுக்குழு. பாதிப் பேர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள், மீதிப் பேர் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்பார்கள். பொருளாளர் வரவு செலவை வேகமாக வாசித்து முடிப்பார். கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறும். கல்லூரி, பல்கலைக்கழக உளவியல் ஆசிரியர்கள் நடத்தும் சங்கங்களில் ஆண்டுப் பொதுக்குழு பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது. நேரம் தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். மாதமே தவறு என்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் கணக்கைத் தணிக்கை செய்து, பொதுக்குழுவில் வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மார்ச் 31-ல் ஆண்டு முடிந்தால் கடைசி நாள் செப்டம்பர் 30. ஜனவரி மாநாட்டில் பொதுக்குழு வைக்கும் சங்கம், மூன்று மாதம் முன்பே தாக்கல் செய்திருக்க வேண்டிய கணக்குக்கு அப்போதுதான் ஒப்புதல் வாங்குகிறது. ஒன்று, தாக்கல் தாமதமாகும். அல்லது, நடக்காத பொதுக்குழுவை நடந்ததாக, கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் எழுத வேண்டி வரும். இரண்டாவது மிக ஆபத்தானது. பின்னால் தேர்தல் வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தப் புத்தகம்தான்.

ஆகவே பொதுக்குழுவை மாநாட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அல்லது செப்டம்பர் முதல் ஞாயிறு, காலை பத்தரைக்கு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் வையுங்கள். மாநாட்டில் உறுப்பினர் சந்திப்பு ஒன்று தாராளமாக நடக்கட்டும். அதற்குப் பொதுக்குழு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஏப்ரல் மாதத்தின் முதல் வேலை கணக்கு என்று நினைப்போம். அதற்கும் முன்னால் உறுப்பினர் பதிவேட்டைத் திருத்த வேண்டும். பழைய சங்கங்களில் ஆயுள் உறுப்பினர் பட்டியல் கூடிக்கொண்டே போகும், குறையாது. காலமானவர்கள், வெளிநாடு போனவர்கள், முகவரி மாறியவர்கள் எல்லோரும் பெயரளவில் இருப்பார்கள். இதனால் வரும் சிக்கல் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையில், தெரியும். சங்கத்தின் விதித்தொகுப்பான பைலாவில் "உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு" என்று எங்கிருந்தோ படியெடுத்து எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் 600 பேர் என்றால் 200 பேர் வர வேண்டும். வருவது 45 பேர். அரை மணி நேரம் ஒத்திவைத்து மீண்டும் கூட்டுவார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்று பைலா சொல்கிறதா, அந்த இரண்டாவது நேரமும் அறிவிப்பிலேயே இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டும் இல்லையென்றால் அன்று நிறைவேறிய எதுவும் கேள்விக்குரியதுதான்.

காலமானவர்களின் பெயரைச் செயற்குழுத் தீர்மானத்தோடு நீக்கலாம். தொடர்பில் இல்லாத ஆயுள் உறுப்பினரைச் செயலாளர் தன் விருப்பத்துக்கு நீக்க முடியாது. பைலா சொல்லும் முறைப்படி கடிதம் அனுப்பி, பதிலுக்கு அவகாசம் கொடுத்து, அதன் பிறகே செய்ய வேண்டும். கோர விதியையே மாற்ற வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் தேவை: 21 நாள் முன்னறிவிப்பு, திருத்தத்தின் முழு வாசகம் அறிவிப்போடு இணைப்பு, வந்து வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அதன் பிறகு பதிவாளரிடம் பதிவு. பதிவாகாத திருத்தத்தை வைத்துத் தேர்தல் நடத்தக் கூடாது.

மே மாதத்துக்குள் ஆடிட்டரிடம் போக வேண்டியவை: ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வவுச்சர்கள், வங்கி அறிக்கை, வைப்புச் சான்றுகள். இங்கே பெரும்பாலும் சிக்குவது மாநாட்டுக் கணக்கு. மாநாட்டை ஒரு கல்லூரித் துறை ஏற்று நடத்தும். அமைப்புச் செயலாளர் அவசரத்தில் தன் சொந்தக் கணக்கின் கியூஆர் குறியீட்டைச் சுற்றறிக்கையில் போட்டுவிடுவார். உள்நோக்கம் எதுவும் இருக்காது. ஆனால் 300 பேர் கட்டிய பதிவுக் கட்டணம் அவருடைய பான் எண்ணில் வருமானமாகத் தெரியும். சங்கத்தின் கணக்கில் மாநாடே நடக்காதது போலிருக்கும். சங்கத்தின் பான் எண்ணில் மாநாட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, மாநாடு முடிந்த 60 நாளில் முழுக் கணக்கு ஒப்படைப்பு. இந்த மூன்றையும் ஏற்று நடத்தும் கல்லூரியிடம் முதல் கடிதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுமானால் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் கட்டணம் அறிவிக்கும் முன்பே கேட்க வேண்டும். பின்னால் தெரிந்தால் வரியைச் சங்கம் தன் கையிலிருந்து கட்ட நேரும்.

வருமான வரி விலக்குப் பதிவு ஒரு முறை வாங்கினால் போதும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அது காலவரையறை உள்ள பதிவு. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். 1961 சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 கடந்த 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதால், பழைய பிரிவு எண்களையும் படிவ எண்களையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

ஆயுள் சந்தா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கங்கள் மெல்ல மெல்லக் காலியாவது இங்கேதான். ஒருவர் 3,000 ரூபாய் கட்டி ஆயுள் உறுப்பினராகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 6.5 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 195 ரூபாய் வரும். அடுத்த முப்பது ஆண்டுகள் அவருக்குச் சங்கம் செய்யும் எல்லாமே அந்த 195-க்குள் அடங்க வேண்டும். ஆய்விதழை அச்சிட்டு ஆண்டுக்கு இரண்டு முறை தபாலில் அனுப்பினாலே அது போதாது. அவர் கட்டிய முதல் தொகையையே மாநாட்டுப் பந்தலுக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவழித்தால் அந்த 195-ம் இல்லை. ஆயுள் சந்தாவை மூலதன நிதியாகத் தனியே வையுங்கள். வட்டியை மட்டும் எடுங்கள். இதழை மின்பிரதியாகக் கொடுத்து, அச்சுப் பிரதி வேண்டுவோரிடம் தனிக் கட்டணம் வாங்குங்கள்.

தேர்தலுக்கு வருவோம். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பைலா ஐந்து ஆண்டு என்று சொன்னாலும் சட்டமே நிற்கும். தேர்தல் ஆண்டில் பொதுக்குழுவுக்கு 60 நாள் முன்பே வேலை தொடங்க வேண்டும். போட்டியிடாத ஒரு மூத்த உறுப்பினரைத் தேர்தல் அதிகாரியாக நியமியுங்கள். வாக்காளர் பட்டியலுக்கு ஒரு நாளைக் குறியுங்கள்: மார்ச் 31-க்குள் சந்தா வங்கியில் வரவானவர்கள் மட்டும். இந்த நாள் விதியில் இல்லாத சங்கங்களில் தேர்தலுக்கு முந்தைய மாதம் ஒரே கல்லூரியிலிருந்து நாற்பது விண்ணப்பங்கள் மொத்தமாக வரும். அதற்குப் பிறகு எந்த முடிவும் ஏற்கப்படாது. பட்டியலில் பெயரும் உறுப்பினர் எண்ணும் போதும், கைபேசி எண் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் முழு முகவரிப் பட்டியலைப் போடுவது உறுப்பினர்களின் தனியுரிமையைக் கெடுப்பது.

கூகுள் படிவத்தில் வாக்கெடுப்பு நடத்துவது இப்போது பரவியிருக்கிறது. மின்னஞ்சலைச் சேகரித்தால் யார் யாருக்குப் போட்டார் என்று படிவத்தை வைத்திருப்பவருக்குத் தெரியும். சேகரிக்காவிட்டால், ஒருவருக்கு ஒரே பதில் என்று வரம்பு வைத்தாலும், வேறு வேறு கூகுள் கணக்குகளிலிருந்து ஒருவரே பல முறை போடலாம். ரகசிய வாக்கெடுப்பின் அவசியத்தை வகுப்பில் மனப்பாங்கு அளவீடு நடத்தும்போது நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பைலாவில் இணையவழி வாக்கெடுப்புக்கு இடம் இருந்தால் அதற்கென்று உள்ள வாக்கெடுப்புச் சேவையைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வாக்குச்சீட்டே நல்லது.

முடிவு வந்ததும் புதிய செயற்குழுவின் விவரத்தை உரிய படிவத்தில் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் தனித்தனியே படிவம் கொடுத்தால் யார் வென்றார் என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் வங்கி கணக்கை நிறுத்தி வைத்தால் ஆய்விதழும் நிற்கும்.

இனி மாநாடு. ஜனவரி இரண்டாம் வாரம் என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். ஜூலை நடுவில் அறிவிப்பு, செப்டம்பர் கடைசியில் ஆய்வுச் சுருக்கங்களுக்குக் கெடு, அக்டோபர் முழுக்க மதிப்பீடு, நவம்பர் 10-க்குள் முடிவு, டிசம்பர் நடுவில் நிகழ்ச்சி நிரல். சுருக்கம் 250 சொல். 240 சுருக்கங்கள் வந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பீட்டாளர் என்று 480 மதிப்பீடுகள். ஒருவருக்கு 15-க்கு மேல் கொடுத்தால் கவனம் குறையும். ஆக 32 பேர் வேண்டும். ஐந்து பேரை வைத்துக்கொண்டு "மதிப்பீடு செய்யப்பட்டது" என்று அறிவிப்பது நேர்மையல்ல.

திருப்பி அனுப்ப வேண்டிய சுருக்கங்களை அடையாளம் காண்பது எளிது. "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடிந்தால் தரவு இன்னும் சேகரிக்கப்படவில்லை என்று பொருள். ஒரே ஒரு முறை வினாப்படிவம் கொடுத்துவிட்டுத் தலைப்பில் "தாக்கம்" என்று போட்டிருந்தால், இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறும் உடன்தொடர்பைக் காரணமாகக் காட்டுகிறார்கள். தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். மாதிரி எண்ணிக்கை, அளவுகோலின் பெயர், இந்த மாதிரியில் அதன் அளவீடு எவ்வளவு சீரானது என்று காட்டும் நம்பகக் குணகம், நெறிமுறைக் குழு ஒப்புதல் ஆகியவை சுருக்கத்திலேயே இருக்க வேண்டும். காப்புரிமை உள்ள சோதனையை அனுமதியின்றி ஒளிநகல் எடுத்துப் பயன்படுத்தியதும், ஆங்கில அளவுகோலைத் தாங்களே தமிழாக்கி, அதை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் மறுமொழிபெயர்ப்போ முன்சோதனையோ இல்லாமல் கொடுத்ததும் நம் துறையில் அன்றாடம். அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு வேறெங்கும் இல்லை, இந்த மதிப்பீட்டில் இருக்கிறது.

நேரக் கணக்கு இன்னொரு இடம். ஒரு ஆய்வுரைக்கு 12 நிமிடம், கேள்விக்கு 3. தொண்ணூறு நிமிட அமர்வில் ஆறு உரைதான் அடங்கும். இரண்டு நாள் மாநாட்டில் தொடக்க விழா, சிறப்புரை போக ஐந்து அமர்வு நேரம் மிஞ்சும். நான்கு அரங்கு என்றால் 5 x 4 x 6 = 120 உரை. 200 பேரை உரைக்கு ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே: ஆளுக்கு ஐந்து நிமிடம், கேள்வி கிடையாது, தன் முறை முடிந்ததும் அரங்கை விட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் பேசும் ஆய்வு மாணவிக்குக் கேட்க ஆள் இருக்காது. மீதி 80-ஐச் சுவரொட்டி அமர்வுக்கு மாற்றுங்கள். ஏ0 அளவு, அதாவது 841 x 1189 மில்லிமீட்டர், நெட்டாக. இருபக்கப் பலகை 40 போதும். நல்ல சுவரொட்டி அமர்வில் ஒரு மாணவருக்கு அரங்கில் கிடைப்பதைவிட அதிகக் கேள்வி கிடைக்கும்.

ஆய்விதழுக்கு ஒரு வரி: ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச் சான்று அல்ல, இதழின் அடையாள எண் மட்டுமே. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்கும் ஆய்விதழ்களின் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டதால், மதிப்பீட்டு முறை, மறுப்பு, திருத்தம், திரும்பப் பெறுதல் பற்றிய விதிகளை இதழே வெளிப்படையாக வைக்க வேண்டியிருக்கிறது.

பொதுமக்களுக்கு நேரடியாகத் தீங்கு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, பெயருக்குப் பின்னால் சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தைச் சேர்த்து, சிகிச்சை மையம் நடத்துவோர் இருக்கிறார்கள். உறுப்பினர் சான்று தொழில் உரிமம் அல்ல. மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலுக்கான 1992 சட்டத்தின்படி பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மற்ற உளவியலாளர்களை 2021-ன் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழின் முகப்பிலேயே, பெயருக்குக் கீழே, அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்: "இது சங்க உறுப்பினர் சான்று மட்டுமே. சிகிச்சை அல்லது ஆலோசனை வழங்கும் உரிமம் அல்ல." முதுகலை மாணவர் உறுப்பினர் சான்றுக்கு முடிவுத் தேதியும் போடுங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. ஸ்டான்லி ஹால் தலைமையில் 1892-ல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கத்தில் ஒருவர் ஓராண்டு அடுத்த தலைவராகத் தேர்வானவராகவும், அடுத்த ஆண்டு தலைவராகவும், மூன்றாம் ஆண்டு முன்னாள் தலைவராகவும் செயற்குழுவில் இருக்கிறார். நம் சங்கங்களில் செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு இப்படி ஆறு மாதமாவது இருவர் சேர்ந்து இருக்க வழி செய்யலாம். அது முடியாவிட்டால் ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றாவது கையெழுத்தாக வேண்டும்: மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, அசல் பதிவுச் சான்று, முத்திரை, வைப்புச் சான்றுகளின் முதிர்வுத் தேதிகள், வங்கியில் கையெழுத்து மாற்றக் கடிதம், வருமான வரித் தளம், பதிவுத்துறைத் தளம், இணையதளப் பெயர், சங்க மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்கள். ஒவ்வொரு தளத்திலும் ஓடிபி எந்தக் கைபேசிக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிட்ட முன்னாள் பொருளாளரின் எண்ணுக்குப் போனால், செப்டம்பர் 29 இரவு அவர் தொலைபேசியை எடுக்கும்வரை தாக்கல் நடக்காது.