உடம்பு தேறும் ஆண்டு

2008இல் டெக்சாஸ் மாநிலத்தின் கில்கோர் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லேன் ஜான்சன் குவார்ட்டர்பேக். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. அப்போது அவருக்கு 18 வயது. பிறகு ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பந்தைப் பிடிக்கவும் எதிராளியை மறிக்கவும் செய்கிற டைட் எண்ட், எதிரணியின் பந்து வீசுபவரை நோக்கிப் பாய்கிற டிஃபென்சிவ் எண்ட் என்று இடம் மாறி, கடைசியில் பந்து வீசுபவரைக் காக்கும் டேக்கிள் ஆனார். 2013இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை நாட்டிலேயே நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது எடை ஏறத்தாழ 137 கிலோ. அந்த உடம்போடு 40 கஜத்தை 4.72 நொடியில் ஓடிக் காட்டியிருந்தார்.

அமெரிக்கன் ஃபுட்பால் வேறு, நம் ஊர்க் கால்பந்து வேறு. கல்லூரிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் பள்ளி மாணவனின் எடையை விட 'ஃப்ரேம்' எப்படி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தோள் அகலம், மணிக்கட்டுப் பருமன், பாதத்தின் அளவு, அப்பா அம்மாவின் உயரம் எல்லாம் அதில் அடங்கும். சதையை ஏற்றிக்கொள்ளலாம், சட்டகத்தை மாற்ற முடியாது. கை கால்களின் நீள எலும்புகளில், எலும்பு நீளும் இடமான வளர்தட்டுகள் பெரும்பாலும் பள்ளி முடிவதற்குள் மூடிவிடும். உயரம் அதோடு நின்றுவிடும். தோளையும் மார்பையும் இணைக்கும் காரை எலும்பின் உள்முனை மட்டும் 20 வயதைத் தாண்டித்தான் முழுதாக மூடும். உடலிலேயே கடைசியாக முடியும் எலும்பு வேலை அதுதான்.

அப்படி எடுத்த பையனை முதல் ஆண்டு களத்தில் இறக்காமல் பயிற்சியில் மட்டும் வைத்திருப்பதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். ஐந்து ஆண்டுகளில் நான்கு பருவம் ஆடலாம் என்ற விதி அதற்கு இடம் கொடுத்தது. 2018இல் அந்த ஆண்டிலேயே நான்கு ஆட்டங்கள் வரை இறங்கிப் பார்க்கவும் அனுமதி வந்தது.

அந்த ஓராண்டில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? முதல் சில வாரங்களில் பையன் தூக்கும் எடை கிடுகிடுவென ஏறும், கண்ணாடியில் மாற்றம் தெரியாது. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளை ஒரே சமயத்தில் கூடுதலாக இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. தசை பருப்பது பிறகுதான். பளுவின் இழுவிசையை உணர்ந்த இழை புதுப் புரதத்தைக் கட்டத் தொடங்கும். அருகே உறங்கிக்கிடக்கும் துணைச் செல்கள் விழித்து, இழையோடு சேர்ந்து தங்கள் உட்கருவைக் கொடுக்கும். ஒரு நாள் பயிற்சியின் விளைவு அடுத்த நாளும் தொடரும். அந்த நேரத்தில் சோறும் தூக்கமும் குறைந்தால் பளு தூக்கியது பாதி வீண்.

என்னை வியக்க வைப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நாண். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிய கார்பன்-14ஐ அடையாளமாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் வயதைக் கணித்தார்கள். அதன் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கே திசு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். கல்லூரிக்கு வரும் பையன் கொண்டுவந்த நாண்தான் அவனுக்கு ஆயுள் முழுக்க. பயிற்சியால் அது விறைப்பேறி உறுதிப்படும், ஆனால் தசையின் வேகத்தில் அல்ல. மாதக்கணக்கில் தசை முந்தி ஓட, நாண் பின்னால் வரும். காயம் நுழைவது இந்த இடைவெளியில்தான். நல்ல பளுப்பயிற்சியாளர், தூக்க முடிகிற பையனையும் "இன்னும் கொஞ்சம் பொறு" என்று நிறுத்துவது இதனால்தான்.

இப்படிப் பொறுத்துத் தேறியவர்களில் ஒருவர் ஜே.ஜே. வாட். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக இருந்தவர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2008 பருவம் முழுக்க ஆடாமல் உடம்பைத் தேற்றினார். 2011இல் தொழில்முறை அணிக்குப் போனவர், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார்.

2021இல் மாணவர்கள் ஒரு முறை கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றானது; 2024இல் அந்த ஒரு முறை என்ற வரம்பும் போனது. ஆட்டக்காரர்களுக்கு இது நியாயமான உரிமை. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பயிற்சியாளர்களுக்கு 22 வயதில் முற்றிய உடம்பு வேறு கல்லூரியிலிருந்து தயாராகக் கிடைக்கிறது. 18 வயது ஒல்லிப் பையனுக்கு ஓராண்டு சோறு போட்டுக் காத்திருக்க அவர்களுக்கு முன்பிருந்த காரணம் குறைந்துகொண்டே வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. கில்கோரில் பந்து வீசிக்கொண்டிருந்த ஜான்சனின் காரை எலும்பு அப்போது மூடியிருக்க வாய்ப்பே இல்லை.