சேணத்துக்கு அடியில் என்ன போடுவது? சங்குத்துறையில் இருந்து ஒரு கேள்வி

நாகர்கோவில் பக்கத்துச் சங்குத்துறைக் கடற்கரையில் சாயங்காலம் குதிரை சவாரி விடும் தம்பி ஒருவர் போன மாதம் போனில் ஒரு படம் அனுப்பினார். செந்நிறக் குதிரையின் முதுகு. தோளுக்குச் சற்றுப் பின்னால், தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. "சார், வாங்கும்போது இது இல்ல. கண்ணு பட்டுட்டுன்னு வீட்டுல சொல்லுதாங்க, எலுமிச்சம்பழமும் சுத்திப் போட்டாச்சு. ஆன்லைன்ல ஒரு ஜெல் பேட் பாத்தேன், அத வாங்கிப் போட்டா சரியாயிருமா?" என்று கேட்டிருந்தார்.

படத்தை வைத்துச் சொல்லிவிட மனம் வரவில்லை, ஒரு சனிக்கிழமை நேரில் போனேன். சேணத்தைக் கழற்றச் சொன்னேன். அடியில் மடித்த சாக்கு, அதற்கும் அடியில் பழைய மெத்தையில் இருந்து வெட்டிய ஃபோம் துண்டு, அதைச் சுற்றி ரெக்சின் தைத்திருந்தது. ரெக்சினின் அடிப்பக்கத்தைத் தடவினால் கை பிசுபிசுக்கிறது, பிசுபிசுப்பில் மணல் ஒட்டியிருக்கிறது. மரச்சாமானைத் தேய்க்க ஆசாரிகள் உப்புத்தாள் வைத்திருப்பார்களே, அதைத்தான் அந்தக் குதிரை தினமும் முதுகில் சுமந்துகொண்டிருந்தது.

முதலில் வெள்ளை முடி. முடியின் வேர்க்குழியில் முடியை வளர்க்கிற செல்கள் வேறு, அதற்கு நிறம் ஊட்டுகிற செல்கள் வேறு. நிறம் ஊட்டுபவை ரொம்ப மென்மையானவை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து ரத்த ஓட்டம் தடைபட்டால் முதலில் சாவது அவைதான். முடி வளரும், நிறம் மட்டும் வராது. மாடு, குதிரைகளுக்கு உறைபனிக் குளிரில் வைத்த இரும்பால் அடையாளம் போடுகிற முறை ஒன்று இருக்கிறது, அதுவும் இதே சங்கதியைப் பயன்படுத்துவதுதான்: குளிர் நிறச் செல்களைக் கொல்ல, அந்த எழுத்து வடிவத்தில் வெள்ளை முடி முளைக்கும். ஆக இந்தக் குதிரையின் முதுகில் சேணம் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது. கண்ணேறுக்கு இதில் வேலையே இல்லை.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது, ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். 300 கிலோ எடையுள்ள குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஆளும் சேணமும் சேர்த்து 60 கிலோ சுமக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. (சுற்றுலா வருகிற 85 கிலோ ஆளை ஏற்றிவிட்டு என்ன பேட் போட்டாலும் அது பாவம்தான், இதைத் தம்பியிடமே சொல்லிவிட்டேன்.) அந்த 60 கிலோ 1,000 சதுர சென்டிமீட்டரில் சீராகப் பரவினால் 44 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் வரும். சேணத்தின் நடுப்பகுதி முதுகைத் தொடாமல் பாலம் மாதிரி தூக்கி நின்று, நான்கு மூலை மட்டும் 250 சதுர சென்டிமீட்டரில் ஊன்றினால் அதுவே 176 ஆகிவிடும். ஓடும்போது இதன் உச்சம் இரண்டு மடங்குக்கு மேலே போகும். மனிதரின் நகக்கண் தோலில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் அழுத்தத்தை 1930 இல் யூஜின் லாண்டிஸ் அளந்தபோது, ரத்தம் உள்ளே வரும் பக்கத்தில் சராசரி 32 மில்லிமீட்டர் இருந்தது. குதிரைத் தோலுக்கு அதே எண் பொருந்த வேண்டும் என்றில்லை, ஆனால் விஷயம் புரிகிறது: வெளியே இருந்து அதைத் தாண்டி அழுத்தினால் குழாய் நசுங்கி ரத்தம் நின்றுவிடும். ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் ஏறி இறங்குவதால் இடையில் ரத்தம் திரும்பப் பாய்ந்து தோல் தப்பிக்கிறது. அப்படித் தப்பிக்க இடமே கொடுக்காத மூலைகளில்தான் வெள்ளை முடி.

அப்படியானால் தடிமனான பேட் போட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டு நடந்து பாருங்கள். ஏற்கெனவே குறுகலாக இருக்கிற சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தையைத் திணித்தால் தோள் மேட்டை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சேணம் பொருந்தவில்லை என்றால் முதல் செலவு சேணத்துக்கு, பேட் அப்புறம். ஜெல்லைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், 2010 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் நன்றாகப் பொருந்திய சேணத்துக்கு அடியில் ஜெல், தோல், ஃபோம், பனிமானின் ரோமத் தோல் என்று நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, 18 குதிரைகளை டிரெட்மில்லில் விட்டு அளந்தார்கள். மொத்த விசையின் உச்சத்தைத் தெளிவாகக் குறைத்தது ரோமத் தோல் மட்டும்தான். காசு கொடுத்து வாங்கும் ஜெல்லால் அந்த அளவுக்கு முடியவில்லை.

ரோமம் என்று வந்துவிட்டோம், இனி எனக்குப் பிடித்த இடம்.

குதிரை வேர்த்தால் நுரைக்கும். நமக்கு அப்படி இல்லை. "நுரை தள்ள ஓடினேன்" என்று நாம் சொல்வது வாயில் வருகிற நுரையை. குதிரைக்கோ தோலிலேயே வரும். காரணம் அதன் வியர்வையில் இருக்கும் லாத்தெரின் என்ற புரதம், ஏறக்குறைய சோப்பு மாதிரி வேலை செய்வது. குதிரையின் முடி எண்ணெய்ப் பசை உள்ளது, வெறும் தண்ணீர் அதில் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். விழுந்த தண்ணீரால் உடம்பு குளிராது. தண்ணீர் பரவி, ஆவியானால்தான் குளிரும், ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. லாத்தெரின் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, ஒவ்வொரு முடியின் நீளத்துக்கும் வியர்வையைப் படர வைக்கிறது. சேணத்தின் ஓரத்திலும் வார் உராயும் இடத்திலும் அதுவே கடைந்து நுரையாகிறது.

இந்த ஏற்பாட்டின் மேல் ரெக்சினைப் போட்டு மூடினால் ஆவி போக வழியில்லை. முடி ஊறுகிறது, தோல் ஊறுகிறது, ஊறின தோல் உலர்ந்த தோலை விட எளிதில் உரசிக் கிழியும். நாள் முழுக்க ஈரத்தில் நின்றவர்களுக்குக் கால் விரலிடுக்கு வெடிப்பதைப் பார்த்திருக்கிறோமே.

கம்பளி இங்கே செய்கிற காரியம் அற்புதமானது. ஆட்டு ரோமம் ஒரு இழையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மேலே ஓடு ஓடாகச் செதில்கள், பனைமரத்தில் மட்டை வெட்டின அடிகள் அடுக்கடுக்காக நிற்கிற மாதிரி. அந்தச் செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு, அதனால் தண்ணீர்த் துளி விழுந்தால் சேம்பிலையில் விழுந்தது போல உருளும். ஆனால் இழையின் உட்புறம் கெரட்டின் புரதம், அதன் சங்கிலிகளில் தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். துளியாக வந்தால் வாசலிலேயே நிறுத்தும், ஆவியாகத் தனித்தனி மூலக்கூறாக வந்தால் செதில் இடுக்கு வழியாக உள்ளே அழைத்து உட்கார வைக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை இப்படி வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஒரு கிலோ கம்பளி விரிப்பு முந்நூறு மில்லி வரை குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சாதாரணக் காற்றில் வைத்தாலே கம்பளி தன் உலர் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பருத்தி 8, பாலியெஸ்டர் வெறும் 0.4. பாலியெஸ்டர் இழை ஈரத்தைக் கிட்டத்தட்ட உள்ளே வாங்குவதே இல்லை, இழைகளுக்கு நடுவில்தான் பிடித்து வைக்கும்.

அதே கெரட்டின் சங்கிலிதான் ஸ்பிரிங்கும். சுருள் படியாகச் சுற்றிய அந்த மூலக்கூறு இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். 1930களில் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி ஈரக் கம்பளியை இழுத்துப் பிடித்து எக்ஸ் கதிர் படம் எடுத்தபோது, இழுக்காதபோது ஒரு வடிவமும் இழுத்தால் வேறு வடிவமும் தெரிந்தது. புரதங்களின் வடிவத்தைப் பற்றிய அறிவியலுக்கு ஆட்டு மயிர் போட்ட பிள்ளையார் சுழி அது. குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நசுங்கி, அடுத்த அடிக்குள் நிமிர்ந்துவிடுகிற கம்பளியில் நடப்பது இந்தச் சுருள்களின் வேலையும், இழை இயல்பாகவே நெளிநெளியாக இருப்பதும் சேர்ந்துதான். மலிவான மெத்தை ஃபோம் ஒரு அளவுக்கு மேல் நசுங்கினால் அதன் அறைகள் மடிந்து அட்டையாகிவிடும்.

சரி, நம்ம ஊர்க் காற்றே ஈரமாச்சே, கம்பளியில் இருந்து ஆவி எங்கே போகும் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் போட்டதும் நிம்மதியானது. ஈரமான குதிரைத் தோல் 36 டிகிரியில் இருந்தால் அதன் பக்கத்தில் நீராவி அழுத்தம் 5.9 கிலோபாஸ்கல். சங்குத்துறையில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள சாயங்காலக் காற்றில் அது 3.4. வித்தியாசம் 2.5, ஆக ஆவி வெளியே போயே தீரும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமே உள்ள வறண்ட ஊரில் வித்தியாசம் 4.6 இருக்கும். நமக்கு அதில் பாதி வேகம்தான். மேலே சேணத்தின் தோல் வேறு மூடியிருப்பதால், சவாரி நடக்கும்போது கம்பளி பெரும்பாலும் ஒரு தொட்டியாகத்தான் நிற்கிறது, கழற்றினால்தான் காலியாகும். எனவே நாலு மணிக்குப் போட்ட சேணத்தை இருட்டும் வரை விடாமல், நடுவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறக்கி, விரிப்பைக் காற்றுக்குப் போட வேண்டும்.

இன்னொன்று கடற்கரைக்கே உரியது. குதிரை வியர்வை நம்முடையதை விட நிறைய உப்புள்ளது, அதன் ரத்தத்தை விடவும் கூட. விரிப்பு காய்ந்ததும் உப்பு உள்ளேயே தங்கிவிடும், கடல் காற்றும் தன் பங்குக்குப் போடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றில் இருந்து தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி நீர் விடுவது இதனால்தான். ராத்திரி நன்றாகக் காய்ந்த பேட் விடிந்தால் நசநசவென்று இருப்பதற்கும் காரணம் இதுவே. தம்பி வெயிலில் எவ்வளவு காயப்போட்டும் பயனில்லாமல் போனது உப்பைக் கழுவாததால். கிணற்றுத் தண்ணீரில் அலசினால் போதும். சுடுதண்ணீரும் வேண்டாம், அடித்துத் துவைக்கவும் வேண்டாம், செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கம்பளி சுருங்கி இறுகிவிடும்.

வாங்கப் போகும்போது இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். பேட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள், எதிர் விரலின் எலும்பு தெரிந்தால் அது குதிரைக்கு உதவாது. அப்புறம், ஸ்டீல் டம்ளரில் சுடுதண்ணீர் எடுத்து, வாயின் மேல் பேட்டின் ஒரு ஓரத்தை வைத்து, அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டைக் கவிழ்த்து வையுங்கள். நான் வீட்டில் செய்து பார்த்தேன். கம்பளியின் மேல் இருந்த கண்ணாடி சிறிது நேரத்தில் பனி படர்ந்து மங்கியது. ரெக்சின் தைத்த ஃபோம் மேல் கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருந்தது. பேட்டின் நடுத்தையல் நேர்கோடாக இல்லாமல் தோள் மேட்டுக்கு ஏற்ப மேலே வளைந்திருப்பது நல்லது. சேணம் வைத்ததும், வாரை இறுக்கும் முன்னால், பேட்டின் நடுப்பகுதியைச் சேணத்தின் குழிக்குள் தூக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தின் மேல் அது கொடிக்கயிறு மாதிரி விறைத்து அழுத்தும்.

குலசேகரம் பக்கம் ரப்பர், கடற்கரை முழுக்கக் கதம்பைத் தும்பு (தேங்காய் நார்) என்று வைத்துக்கொண்டு, நாம் ஏன் வெளியூர் பேட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டும் என்ற எரிச்சல் எனக்கு உண்டு. தும்பு தோலில் நேராகப் படக்கூடாது, குத்தும். ஆனால் ரப்பர் பால் தெளித்த தும்பு மெத்தை நசுங்கினாலும் நன்றாக நிமிரும், காற்றும் புகும், அதை நடுவில் வைத்துக் குதிரைப் பக்கம் முரட்டுக் கம்பளி போட்டால் என்ன? ஹரியானாவின் ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஆலப்புழை கலவூரில் கயிறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரி சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூன்றையும் ஒரு மேசைக்கு இழுத்து, ஈரமான கடலோரத்தில் உழைக்கும் குதிரைக்கு ஒரு விரிப்பு செய்யக் கொஞ்சம் பணம் ஒதுக்குவது பெரிய காரியமே இல்லை. பந்தயக் குதிரைக்கு ஆள் இருக்கிறது, சவாரிக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் யார் இருக்கிறார்கள்?

குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். எந்த இடத்தில் சுழி இருந்தால் யோகம், எங்கே இருந்தால் குடி கெடும் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள், ஒரு சுழிக்காக நல்ல குதிரையை வேண்டாம் என்று தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். சுழி என்பது கருவில் இருக்கும்போது முடி வேர்கள் சாய்ந்த திசை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் முதுகில் கையை வைத்துத் தோள் மேட்டில் இருந்து இடுப்பு வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். குதிரை முதுகைத் தாழ்த்திக்கொண்டு நழுவினால் அங்கே வலி இருக்கிறது.

தம்பி ரெக்சினைத் தூக்கிப் போட்டுவிட்டார். கோட்டாறில் வாங்கிய தடித்த கம்பளிப் போர்வையை நான்காக மடித்துத் தைத்து இப்போதைக்குப் போடுகிறார், சேணத்தின் உள் பஞ்சை மாற்றவும் ஆள் பார்த்திருக்கிறார். போன வாரம் சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தின் படம் அனுப்பினார். தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம், நடுவில் உலர்ந்த கோடு, அது சரி. இடது தோளுக்குப் பின்னால் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரத்துக்கு நடுவில் ஒரு காய்ந்த வட்டம். அழுத்தம் அதிகமான இடத்தில் வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது, சேணம் தொடாத இடத்திலும் காய்ந்திருக்கலாம், எது என்று அறிய அந்த இடத்தில் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன். கை நுழையவில்லை என்றார். இடப் பக்கத்துப் பஞ்சைத் தளர்த்த வேண்டும். ஏற்கெனவே வெளுத்த முடி இனி நிறம் மாறாது, மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து, அதன் ஓரம் பெரிதாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.